மலையிலிருந்து விமானம் ஏறுபவர்களுக்கு: டிக்கெட்டை எதில் தேடலாம், எதில் போடலாம்

விமான டிக்கெட் எதில் போட்டால் மலிவு என்ற கேள்வி கோத்தகிரி, குன்னூர் பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போகும் மகள், டெல்லியில் படிக்கும் மகன், கொழும்பில் இருக்கும் சித்தப்பா குடும்பம் என்று வீட்டுக்கு வீடு ஒரு காரணம் இருக்கிறது. அக்கம்பக்கத்தாருக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் என்னிடம் வந்து சேர்வதால் எல்லா வகைத் தளங்களையும் புழங்கியிருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடுவதற்கு ஒரு தளம், பணம் கட்டுவதற்கு வேறொரு தளம். பணம் கட்டும் இடம் பெரும்பாலும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளமாக இருப்பது நல்லது.

இதற்கு நீலகிரியில் தனிக் காரணம் உண்டு. நமக்கு விமான நிலையம் கோயம்புத்தூரில் இருக்கிறது. நடுவில் ஒரு மலைப்பாதை இருக்கிறது. அக்டோபர், நவம்பர் மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் பாதை அடைபடும். மே மாத சீசனில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் கீழே இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். அன்றைக்கு மேட்டுப்பாளையம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை வளைவுகளில் யானை நின்றால் வண்டியும் நிற்கும். ஆகவே டிக்கெட்டை மாற்ற வேண்டிய நிலை சமவெளிக்காரர்களைவிட நமக்கு அதிகம் வருகிறது. மாற்றும்போது யாரிடம் பேச வேண்டியிருக்கும் என்பதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும்.

யார் யார் எதை விற்கிறார்கள்

விமானம் பற்றி இணையத்தில் கிடைக்கும் தளங்கள் எல்லாம் ஒன்று போலத் தெரியும். உண்மையில் அவை மூன்று வகை. முதல் வகை டிக்கெட்டை விற்பதே இல்லை. எங்கே என்ன விலை என்று காட்டிவிட்டு அங்கே அனுப்பிவிடும். கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக் எல்லாம் இந்த வகை. இரண்டாவது வகை இணைய டிராவல் ஏஜென்சிகள்: மேக்மைட்ரிப், கோஐபிபோ, கிளியர்ட்ரிப், யாத்ரா, ஈஸ்மைட்ரிப், இக்ஸிகோ போன்றவை. இவை டிக்கெட்டை வாங்கி நமக்குக் கொடுக்கும் இடைத்தரகர்கள். மூன்றாவது, விமானத்தை ஓட்டுகிற நிறுவனமே.

இரண்டாம் வகையில் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு நேரத்தைச் செலவழிப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேக்மைட்ரிப்பும் கோஐபிபோவும் 2017 முதல் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. கிளியர்ட்ரிப்பை 2021-ல் ஃப்ளிப்கார்ட் வாங்கியது. பெயர் வேறாக இருப்பதால் போட்டி இருக்கிறது என்று பொருளில்லை. விலையில் வரும் வேறுபாடு பெரும்பாலும் அன்றைய வங்கி ஆஃபரும், கன்வீனியன்ஸ் ஃபீஸ் என்று அவர்கள் வைக்கும் சேவைக் கட்டணமும்தான்.

தேடுவதற்கு நான் முதலில் திறப்பது கூகுள் ஃப்ளைட்ஸ். விமானக் கட்டணத் தேடலில் பெயர் பெற்ற ஐடிஏ சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தை வாங்கி, 2011-ல் கூகுள் இதைத் தொடங்கியது. இதன் வேகமும் நாட்காட்டியும்தான் இதன் பலம். புறப்படும் தேதியைத் தொட்டால் ஒவ்வொரு நாளுக்குக் கீழேயும் அன்றைய குறைந்த விலை தெரியும். கோயம்புத்தூர் – டெல்லி என்று போட்டு, வெள்ளிக்கிழமையைப் புதன்கிழமையாக மாற்றினால் எவ்வளவு குறைகிறது என்பதை ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். தேதியில் தளர்வு இருப்பவருக்கு எந்த ஆஃபர் கோடும் தராத லாபம் இதில் கிடைக்கும். விலையைக் கண்காணிக்கச் சொன்னால் ஏறினாலும் இறங்கினாலும் மெயில் அனுப்பும். எங்கே போவது என்றே முடிவு செய்யாதவர்களுக்கு வரைபடத்தில் விலைகளைப் போட்டுக் காட்டும் வசதியும் உண்டு.

ஸ்கைஸ்கேனருக்கு வேறு பலம். ஒரு மாதம் முழுவதையும் எடுத்து எந்த நாள் மலிவு என்று காட்டும். பக்கத்து விமான நிலையங்களையும் சேர்த்துத் தேடும். வெளிநாட்டுப் பயணத்தில் கூகுள் காட்டாத சில சேர்க்கைகளை இது காட்டியிருக்கிறது. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை அவசியம். பட்டியலில் மேலே வரும் மிகக் குறைந்த விலை பல நேரம் நாம் கேள்வியே படாத வெளிநாட்டு ஏஜென்சியுடையது. கிளிக் செய்து உள்ளே போனால் விலை ஏறியிருக்கும், அல்லது லக்கேஜ் தனியாக இருக்கும், அல்லது டாலரில் பணம் கேட்கும். டாலரில் கட்டினால் கார்டு கம்பெனி அந்நியச் செலாவணிக்கென்று தனியாக ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஜிஎஸ்டியும் சேரும். மலிவாகத் தெரிந்த டிக்கெட் அங்கேயே சமமாகிவிடும். விலை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள ஸ்கைஸ்கேனர் நன்றாகப் பயன்படும். பட்டியலின் முதல் வரியை நம்பிப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

விலை ஏன் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது

"நேத்து ராத்திரி பார்த்தப்ப நாலாயிரம் இருந்துச்சுண்ணா, இன்னிக்கு ஐயாயிரத்து ஐந்நூறு காட்டுது. நான் பார்த்தது அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு." இதைப் பலர் நம்புகிறார்கள். பிரவுசரில் ரகசிய ஜன்னலைத் திறந்து தேடினால் பழைய விலை வரும் என்றும் நம்புகிறார்கள். எனக்கு ஒரு தடவைகூட அப்படி வந்ததில்லை. நடப்பது வேறு. ஒரே விமானத்தில் ஒரே எகானமி இருக்கைகளை நிறுவனம் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. குறைந்த அடுக்கில் சில இருக்கைகள்தான். அவை விற்றுத் தீர்ந்ததும் அடுத்த அடுக்கின் விலை தெரிய ஆரம்பிக்கும். நாம் தூங்கியபோது யாரோ அந்தக் கடைசி இரண்டு இருக்கையை வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இது தெரிந்தால் குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு உபயோகம் உண்டு. நான்கு பேருக்குத் தேடும்போது, குறைந்த அடுக்கில் இரண்டு இருக்கை மட்டும் மீதி இருந்தால், பெரும்பாலான தளங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து மேல் அடுக்கின் விலையையே காட்டும். ஆகவே முதலில் ஒருவருக்கு என்று தேடிப் பாருங்கள். தலைக்கு விலை குறைவாக வந்தால் இருவர், மூவர் என்று கூட்டிப் பாருங்கள். விலை எங்கே தாவுகிறதோ அங்கே பிரித்து, இரண்டு பதிவாகப் போட்டுவிடலாம். ஒரு கெடுதல்: இரண்டு பிஎன்ஆர் (பதிவு எண்) ஆகிவிடுவதால், விமானம் ரத்தானால் இரண்டு பதிவில் இருப்பவர்களையும் ஒன்றாக மாற்றித் தர வேண்டும் என்று நாம்தான் சொல்லிக் கேட்க வேண்டும். குழந்தைகளை மட்டும் தனிப் பதிவில் போடாதீர்கள். ஒவ்வொரு பதிவிலும் ஒரு பெரியவர் இருக்கட்டும்.

ஏஜென்சித் தளங்களின் கணக்கு

ஏஜென்சித் தளங்களை முழுவதும் ஒதுக்கச் சொல்லவில்லை. அவற்றின் கணக்கைப் பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு உதாரணக் கணக்கைக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

நான்கு பேர், கோயம்புத்தூர் – டெல்லி, ஒரு வழி. விமான நிறுவனத்தின் தளத்தில் தலைக்கு 6,200. நான்கு பேருக்கு 24,800. அவர்களும் கன்வீனியன்ஸ் ஃபீஸ் வைக்கிறார்கள். தலைக்கு 300 என்றால் மொத்தம் 26,000. ஏஜென்சித் தளத்தில் முதல் பக்கத்தில் தலைக்கு 6,050 என்று தெரியும். நான்கு பேருக்கு 24,200. கடைசிப் பக்கத்தில் தலைக்கு 450 ஃபீஸ் சேரும்போது அதுவும் 26,000. ஆக, முதல் பக்கத்தில் தெரிந்த மலிவு கடைசிப் பக்கத்தில் இல்லை. இங்கே குறிப்பிட்ட வங்கிக் கார்டுக்கு 1,200 தள்ளுபடி கிடைத்தால் 24,800-க்கு முடியும். தலைக்கு 300 லாபம். அதே பக்கத்தில் பயணக் காப்பீடு தலைக்கு 199 என்று ஏற்கெனவே டிக் ஆகியிருந்து அதை எடுக்காமல் விட்டால், லாபத்தில் 796 ரூபாய் போய்விடும். டிக்கெட்டை ரத்து செய்ய நேர்ந்தால் விமான நிறுவனம் பிடிக்கும் தொகைக்கு மேல் ஏஜென்சியும் தன் பங்குக்குத் தலைக்கு ஒரு கட்டணம் பிடிக்கும். அது 300 என்றாலே மொத்த லாபமும் போய்விட்டது. ஃபீஸும் திரும்ப வராது.

நாம் கேட்காத பொருளைக் கூடையில் போடுவதும், கட்டணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசியில் வெளிக்காட்டுவதும் முறையற்ற வணிக உத்திகள் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் கடைசிப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை வாசிக்காமல் பணம் கட்டாதீர்கள். தானம், இருக்கை, 'இலவச ரத்து' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி இருக்கும். அந்த 'இலவச ரத்து' வசதிக்கே முன்கூட்டி ஒரு தொகை வாங்குகிறார்கள். புறப்பாட்டுக்கு எத்தனை மணி நேரம் முன்பு வரை அது செல்லும் என்று பார்த்துவிட்டு எடுங்கள். மண்சரிவு விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்புதான் நடக்கும் என்றால், முந்தைய நாளோடு காலாவதியாகும் பாதுகாப்பு நமக்கு உதவாது.

பணத்தைவிடப் பெரிய தொந்தரவு தகவல் வராமல் போவது. சில ஏஜென்சிகள் விமான நிறுவனத்திடம் பயணியின் போன் நம்பருக்குப் பதிலாகத் தங்கள் நம்பரையும் மெயிலையும் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுப் பயணம் ஒன்றில் மதியம் புறப்பட வேண்டிய விமானத்தைக் காலைக்கு மாற்றியிருந்தார்கள்; தகவல் ஏஜென்சிக்குப் போயிற்று, எங்களுக்கு வரவில்லை. பெயர் இங்கே தேவையில்லை. சென்னையில் இருந்தால் ஆட்டோ பிடித்து ஓடிப்போய்ப் பார்க்கலாம். கோத்தகிரி பக்கம் அரவேணுவில் உட்கார்ந்துகொண்டு நான்கு மணி நேரம் முன்கூட்டிக் கிளம்பியிருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது வேறு அனுபவம். அதிலிருந்து எதில் டிக்கெட் போட்டாலும், ஆறு எழுத்து கொண்ட விமான நிறுவனத்தின் பிஎன்ஆரை வாங்கி, அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுத் திறந்து, நம் நம்பரையும் மெயிலையும் பதிவு செய்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஏஜென்சி தரும் நீளமான புக்கிங் எண் அது இல்லை. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ரீஃபண்ட் விஷயத்திலும் இதே தலைவலிதான். கொரோனா ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகளுக்குப் பணம் திருப்பித் தர வேண்டும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நேரடியாகப் போட்டவர்கள் ஒரு கதவைத் தட்டினால் போதும் என்றிருந்தது. ஏஜென்சி மூலம் போட்டவர்கள் பலர் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றார்கள்.

நேரடியாகப் போட்டால் என்ன கிடைக்கும்

விமான நிறுவனத்தின் தளத்தில் விலை எப்போதும் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சில சலுகைகள் அங்கேதான் முழுமையாகக் கிடைக்கின்றன. மாணவர்களுக்கு விலைக் குறைப்போடு கூடுதல் லக்கேஜ் எடையும் தரும் கட்டணங்கள் உண்டு; ஹாஸ்டலுக்குப் பெட்டி, படுக்கை சுமந்து போகும் பிள்ளைக்குப் பத்து கிலோ கூடுதல் என்பது பெரிய விஷயம். மூத்த குடிமக்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரும் ஸ்டாஃப் காலேஜும் இருப்பதால் நம் பக்கம் ராணுவக் குடும்பங்கள் அதிகம். அவர்களுக்கான பாதுகாப்புப் படைக் கட்டணத்தை ஒப்பிடாமல் டிக்கெட் போடவே கூடாது. இவற்றுக்கெல்லாம் அடையாள அட்டை கவுண்ட்டரில் காட்ட வேண்டும். சில நேரம் சாதாரண சலுகை விலை இந்தத் தனிக் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும், அதனால் இரண்டையும் பாருங்கள்.

இன்னொரு லாபம், மனம் மாறினால் பின்வாங்கும் உரிமை. பயணத்துக்குச் சில வாரம் இருக்கும்போது விமான நிறுவனத்தின் தளத்திலேயே போட்ட டிக்கெட்டை, போட்ட 48 மணி நேரத்துக்குள் (2026-க்கு முன் 24 மணி நேரம்) ரத்து செய்தாலோ மாற்றினாலோ தண்டக் கட்டணம் இல்லை என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. தேதி மாற்றினால் புது விலைக்கும் பழைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கட்ட வேண்டும். பெயரில் ஒரு எழுத்துப் பிழை என்றால் முதல் 24 மணி நேரத்துக்குள் சொல்லித் திருத்திவிடலாம். அதற்குப் பிறகு ரத்து செய்தாலும், ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. விமான நிலைய வரிகளைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். 'திரும்பக் கிடைக்காத டிக்கெட்' என்று அச்சிட்டிருந்தாலும் வரிப் பணம் நமக்குச் சேர வேண்டியது. பலர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பெயரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. நம்மில் பலருக்குப் பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று. தளமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். உள்நாட்டுப் பயணத்தில் ஆதாரில் உள்ளபடி போட்டால் சமாளித்துவிடலாம். வெளிநாட்டுக்கு பாஸ்போர்ட்டில் இருப்பது எதுவோ அதுவே டிக்கெட்டில் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிக்க முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்து, பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்பதாகத் தளர்த்தியது. ஒற்றைப் பெயர்க்காரர் கடைசிப் பெயர்ப் பெட்டியில் என்ன போட வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்த நிறுவனத்தின் தளத்தில் அதற்கான பக்கத்தை வாசித்துவிட்டு அங்கேயே போடுவதுதான் பாதுகாப்பு.

மலிவு விமான நிறுவனங்களில் விலையை ஒப்பிடும்போது எடையையும் ஒப்பிடுங்கள். உள்நாட்டில் வழக்கமான எகானமிக்குப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் பெட்டியே இல்லாத, கைப்பை மட்டும் கொண்ட கட்டணம் ஒன்று உண்டு. தேடல் தளத்தில் அது முதலில் வந்து நிற்கும். ஒரு நாள் இன்டர்வியூவுக்குப் போகிறவருக்கு அருமை. மகளுக்குத் தேயிலைத்தூளும் வர்க்கியும் நீலகிரித் தைலமும் கட்டிக்கொண்டு போகிற அம்மாவுக்கு அது ஒத்துவராது. கவுண்ட்டரில் கட்டும் எடைக் கட்டணம் முன்கூட்டிக் கட்டுவதைவிட அதிகம்.

ஐஆர்சிடிசிக்கு ரயில் தவிர விமான டிக்கெட் தளமும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தனியார் ஏஜென்சிகளைவிட அதில் ஃபீஸ் குறைவு, பளபளப்பும் குறைவு. எல்டிசி என்ற விடுப்புப் பயணச் சலுகையில் போகும் மத்திய அரசு ஊழியர்களுக்கு வேறு வழியே இல்லை. 2022-ல் நிதி அமைச்சகம் போட்ட உத்தரவுப்படி பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்றில் ஒன்றில்தான் போட வேண்டும். வேறு தளத்தில் 500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மொத்த பில்லும் நிராகரிக்கப்படக் கூடாது.

எந்த விமான நிலையம்

தளங்களை எல்லாம் ஒப்பிட்டு 300, 400 மிச்சம் பிடிக்கிறோம். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும் முடிவு வேறு இடத்தில் இருக்கிறது. எந்த விமான நிலையத்திலிருந்து ஏறுவது என்பதுதான் அது. தேடல் தளத்துக்கு நம் வீட்டு வாசல் தெரியாது. கோயம்புத்தூர் விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்துதான் அது கணக்கை ஆரம்பிக்கும்.

குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் எழுபது கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கிறது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லிக்கு நேரடி விமானம் உண்டு. வெளிநாட்டுக்கு ஷார்ஜா, சிங்கப்பூர் மாதிரிச் சில ஊர்கள்தான். ஊட்டி பேருந்துகள் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் நின்றுவிடும். அங்கிருந்து அவிநாசி சாலையில் விமான நிலையம் போக இன்னொரு பேருந்தோ ஆட்டோவோ வேண்டும். காலை 6 மணி விமானம் 800 ரூபாய் மலிவு என்று போட்டால், உள்நாட்டுச் செக்-இன் கவுண்ட்டர் 60 நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதால், இரவு ஒன்றரை, இரண்டு மணிக்கு டாக்ஸியில் இறங்க வேண்டும், அல்லது முதல் நாளே கீழே போய் லாட்ஜில் தங்க வேண்டும். மதியத்து விமானத்துக்கு 800 கூடுதலாகக் கொடுத்து, காலையில் பேருந்தில் இறங்குவது மொத்தத்தில் மலிவு. கோயம்புத்தூரிலிருந்து புறப்படும் விமானங்களில் காலை பதினொன்றுக்கு முந்தியவற்றை வடிகட்டி எடுத்துவிட்டுத்தான் நான் விலையையே பார்ப்பேன்.

பெங்களூருவில் விமானங்கள் அதிகம், போட்டி அதிகம், விலையும் பல நேரம் குறைவு. ஆனால் கெம்பேகௌடா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. மைசூரு வழியாகப் போனால் நகரத்தைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும். பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். அனுமதி பெற்ற சில பேருந்துகள் மட்டும் போகும். காரில் போவதென்றால் ஒரு பகலே பயணத்துக்குப் போய்விடும். ஐரோப்பா, அமெரிக்கா மாதிரி நீண்ட பயணத்தில் பத்தாயிரம் குறைகிறது என்றால் பெங்களூரு சரி. மும்பை போக ஆயிரம் ரூபாய் குறைகிறது என்பதற்காக அங்கே போவது வீண்.

கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். நாடுகாணி இறங்கி நிலம்பூர், மஞ்சேரி வழியாகக் கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூர் சுமார் நூறு கிலோமீட்டர்தான். வளைகுடாவுக்கு அங்கே இருக்கும் அளவு விமானம் கோயம்புத்தூரில் இல்லை. துபாய், தோஹா, ஜித்தா என்றால் தேடல் பெட்டியில் கோயம்புத்தூருக்குப் பதில் கோழிக்கோடு என்று போடுங்கள். ஒரு கவனம்: வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் புறப்படுபவை. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.45 என்றிருந்தால் வீட்டை விட்டு 14-ஆம் தேதி மதியமே கிளம்ப வேண்டும்.

இலங்கையில் உறவுள்ள தோட்டக் குடும்பங்கள் நம் மலையில் நிறைய. கொழும்புக்குக் கோயம்புத்தூரிலிருந்து தேடினால் சென்னையோ பெங்களூருவோ சுற்றிக் கொண்டுபோய் விலையை ஏற்றிக் காட்டும். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் நேரடியாகப் பறக்கிறது; விமானம் ஒரு மணி நேரம்தான். கோயம்புத்தூர் போய்த் திருச்சிக்கு ஒரு பேருந்து பிடிப்பது பெரும்பாலும் மலிவு, நேரமும் குறைவு. கொடைக்கானல் மலைக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் முதல் தேர்வு மதுரை.

சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானம் என்றால், கோயம்புத்தூர் – சென்னை விமானத்தையும் சேர்த்துப் போட வேண்டுமா என்று பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல்; அங்கிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ இருக்கிறது. மாலையோ இரவோ புறப்படும் விமானத்துக்கு இது மலிவான, நிம்மதியான வழி.

தனித்தனி டிக்கெட் சேர்ப்பது பற்றித் தேடல் தளங்கள் ஒரு ஆசை காட்டும். கோயம்புத்தூர் – மும்பை ஒரு நிறுவனம், மும்பை – லண்டன் வேறு நிறுவனம், இரண்டும் தனிப் பதிவு, மொத்தம் ஏழாயிரம் குறைவு என்று வரும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பில்லை. பெட்டியை மும்பையில் எடுத்து மறுபடி போட வேண்டும். நடுவில் ஒரு இரவு இடைவெளி விட்டால்தான் நான் இதற்குச் சம்மதிப்பேன். ஒரே பிஎன்ஆரில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. முதல் முறை வெளிநாடு போகும் பெரியவர்களுக்கு எவ்வளவு குறைந்தாலும் தனித்தனி டிக்கெட் வேண்டாம்.

பணம் கட்டும் நேரம்

சாரல் பிடித்தால் நம் ஊரில் சிக்னல் போகும், கரண்டும் போகும். ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதியாகி, பணம் போய், டிக்கெட் வராமல் நிற்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. உடனே மறுபடி பணம் கட்டாதீர்கள். முதலில் மெயிலில் பிஎன்ஆர் வந்திருக்கிறதா, விமான நிறுவனத்தின் தளத்தில் அது திறக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணம் திரும்பி வரும். இப்படித் தோற்றுப்போன இணையப் பணப்பரிமாற்றத்தை ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே காலக்கெடு வைத்திருக்கிறது.

அந்தப் பதற்றத்தில் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி, முதலில் வரும் நம்பருக்குப் போன் போடுவதுதான் பெரிய ஆபத்து. போலி நம்பர்கள் அங்கே ஏராளம். ரீஃபண்ட் தருகிறோம், ஆப் ஒன்றை இறக்குங்கள், பின் போடுங்கள் என்பார்கள். நம்பரை டிக்கெட்டிலிருந்தோ நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் பறிபோனால் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே சொல்லுங்கள். நிறுவனம் ரீஃபண்ட் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விமான அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் புகார் போடலாம்.

பஜாரில் இருக்கும் டிராவல்ஸ் கடையை இந்த ஒப்பீட்டில் விட்டுவிட எனக்கு மனமில்லை. தலைக்குக் கொஞ்சம் கமிஷன் வாங்குவார், உண்மைதான். ஆனால் பத்துப் பேருக்கு மேல் ஒன்றாகப் போகும்போது குழுக் கட்டணம் கேட்டு வாங்குவதற்கும், உம்ரா, காசி மாதிரிப் பயணங்களுக்கும், விசாவும் டிக்கெட்டும் சேர்ந்து வரும் வளைகுடா வேலைக்கும் அவர் தேவைப்படுவார். போன் போட்டால் எடுப்பார், கடைக்கே போய் உட்காரலாம். அவர் டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்ததும், உங்கள் நம்பர் டிக்கெட்டில் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுப் பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.